சொந்த உபயோகம்

மார்ச் 3, திங்கள்

இன்று மறுபடி ஆபீசுக்குப் போனேன். அத்தைதான் விரட்டினார். "சுவரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா செத்தவன் எந்திரிச்சு வந்துருவானா? போ. போயி நாலு பேர் கணக்கைப் பாரு" என்றார். என் கணவர் சேர்மராஜின் அம்மா எப்போதும் இப்படித்தான் பேசுவார். ஆனால் பெற்ற மகனைச் 'செத்தவன்' என்று சொன்ன பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

ஆடிட்டர் சங்கரலிங்கம் சார் எதுவும் விசாரிக்கவில்லை. மார்ச் மாதத்தில் ஆடிட்டர் ஆபீசில் துக்கத்துக்கு நாற்காலி கிடையாது. ஓர் அரிசி ஆலைக்காரரின் கார் செலவுகளை என் மேசையில் வைத்தார். ஆலைக்காரரும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"பேச்சி, அஞ்சுல ஒரு பங்கை சொந்த உபயோகம்னு கழிச்சிருங்க."

"என்ன சார் சொந்தம்?" ஆலைக்காரர் எழுந்தேவிட்டார். "மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் நான் பந்தியில உக்காந்து, இது என்ன அரிசி, மூட்டை என்ன விலைன்னுதான் கேப்பேன். எனக்குச் சொந்தம்னு ஒண்ணும் கெடையாது சார்."

"குடும்பத்தோட குத்தாலம் போனீங்களே அண்ணாச்சி?"

"அருவியில நின்னுக்கிட்டே ஒரு லோடு பேசி முடிச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதற்குள் எல்லோரும் என்னைப் பார்த்ததால் நிறுத்திக்கொண்டேன்.

தொழிலுக்காக ஓடிய தூரத்தின் செலவை வருமானத்தில் கழிக்கலாம். தனக்காக ஓடியதைக் கழிக்க முடியாது. எது எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது என்பதால் ஐந்தில் ஒன்று என்று ஒரு பழக்கம். மூன்று வருடமாக இந்தக் கழித்தலைச் செய்துவருகிறேன். இன்றுதான் அந்த ஒரு பங்கு யாருடையது என்று தோன்றியது.

மார்ச் 4, செவ்வாய்

சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். அத்தையும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இருவரும் சாப்பிட்டு முடித்தோம்.

மார்ச் 8, சனி

டைட்டஸ் சார் வந்திருந்தார். சேர்மராஜின் ஏரியா மேனேஜர். மாலை போட்ட படத்தைப் பார்க்காமல் உட்காருவதற்காக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். காபியை ஆறவிட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

சேர்மராஜ் மருந்து கம்பெனி ரெப். கோவில்பட்டி, சங்கரன்கோவில், தென்காசி, அம்பை என்று பைக்கில் பை சுமந்து டாக்டர்களைப் பார்க்கிற வேலை. ஓடுகிற கிலோமீட்டருக்குக் கம்பெனி படி கொடுக்கும். வேலைப் பயணத்தில் விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு ஒரு காப்பீட்டுத் தொகையும் உண்டு. வேலைப் பயணத்தில் என்றால் மட்டும்.

"ஜனவரி இருபத்திரண்டாம் தேதி அவனுக்கு பிளான்ல கோவில்பட்டிம்மா. விபத்து நடந்தது வீரவநல்லூர் பக்கத்துல, அம்பை ரோட்டுல. கோவில்பட்டி வடக்க இருக்கு, இது மேக்க இருக்கு. இன்சூரன்ஸ்காரன் கேக்கான், இந்தாளு அங்க எதுக்குப் போனாருன்னு."

அத்தை என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரைப் பார்த்தேன்.

"நான்தான் கடைசி நேரத்துல அம்பைக்குப் போகச் சொன்னேன்னு எழுதிக் குடுத்திருதேன். ரெப்புக ஊர் மாத்திப் போறது சாதாரணம். அங்க உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர் யாராச்சும், அன்னிக்கு வந்து பாத்தாருன்னு ஒரு வரி குடுத்தாப் போதும். நம்ம சேர்மனுக்கு யாரும்மா மாட்டேன்னு சொல்லுவா?"

கிளினிக்குகளில் எல்லோரும் அவரைச் சேர்மன் என்றுதான் கூப்பிடுவார்கள். டைட்டஸ் சார் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அந்தப் பணம் வந்தால் அத்தைக்கு இருக்க ஓர் இடம் வாங்கிவிடலாம். இது வாடகை வீடு. அத்தைக்கு ஓய்வூதியம் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. என் சம்பளம் என்ன என்பது எனக்குத் தெரியும்.

நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். இதில் யோசிக்க என்னம்மா இருக்கிறது என்று அவர் முகம் கேட்டது.

மார்ச் 9, ஞாயிறு

ஜனவரி மாதத்துக்கான பயணப்படி விண்ணப்பத்தை டைட்டஸ் சார் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நிரப்பினேன். கல்யாணமான நாளிலிருந்து இதை நான்தான் நிரப்பிவருகிறேன். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்மராஜ் தரையில் படுத்துக்கொண்டு ஊர்ப் பெயர்களைச் சொல்வார். நான் எழுதுவேன்.

கம்பெனிக்கு ஒரு தூரப் பட்டியல் உண்டு. ஊருக்கு ஊர் தூரம் அதில் இருப்பதுதான். சந்துக்குள் போனது, டாக்டர் வீட்டில் இல்லாமல் திரும்பி வந்தது எல்லாம் கணக்கில் வராது. "பட்டியல்ல பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுதான் இருக்கு, நம்ம வீடு இல்ல. பஸ் ஸ்டாண்டுல இருந்து உன்கிட்ட வர்றது முழுக்க என் கைக்காசு" என்பார்.

"ஏ ஆடிட்டரு, அந்தக் கைக்காசை வருமான வரியில கழிக்க முடியாதா?"

"முடியாது. சம்பளக்காரங்களுக்கு எல்லாருக்கும் ஒரே கழிவுதான். நடந்து போனாலும் அதுதான், பறந்து போனாலும் அதுதான்."

"அப்ப உன்னைப் பாக்க வர்றதுக்கு அரசாங்கம் ஒண்ணும் தராது?"

"தராது."

"பேச்சின்னு பேரு வச்சிருக்காங்க. ஒரு நல்ல பேச்சு வருதா பாரு."

இருபத்தொன்றாம் தேதி வரை எழுதினேன். இருபத்திரண்டில் நிறுத்திவிட்டேன்.

ஜனவரியில் நான் அம்பையில் அம்மா வீட்டில் இருந்தேன். உடம்பு சரியில்லை. அம்பை டாக்டர்களை அவர் அந்த மாத முதல் வாரத்திலேயே பார்த்து முடித்திருந்தார். அப்போது ஒரு நாள் அம்மா வீட்டுக்கும் வந்தார். நான் தூங்குவதாக அம்மா சொல்லி அனுப்பிவிட்டாள். கொண்டுவந்த கொய்யாப்பழத்தை அவர் ஜன்னல் ஓரத்தில் வைத்தார். தன் நிழல் என் கட்டிலில் விழுவதைப் பார்த்ததும் உடனே விலகிக்கொண்டார்.

ஆகவே இருபத்திரண்டாம் தேதி அந்தச் சாலையில் அவருக்கு வேலை எதுவும் இல்லை. அன்று அவர் என்னிடம்தான் வந்துகொண்டிருந்தார். இது எனக்குத் தெரியும். வேறு யாரிடமும் இதை நான் சொன்னதில்லை. சமையலறையில், பஸ்ஸில், குளிக்கும்போது இதை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். டைட்டஸ் சார் நல்ல மனிதர். அவர் கேட்பது இந்த ஒன்றைத்தான் என்று அவருக்குத் தெரியாது.

மார்ச் 13, வியாழன்

தூத்துக்குடியிலிருந்து அத்தையின் தங்கை போன் செய்திருந்தார். போன் சத்தமாகத்தான் பேசும். "கோவில்பட்டிக்குப் போக வேண்டிய பய அம்பை ரோட்டுக்கு எதுக்குப் போனான்? பொண்டாட்டி வீட்டை விட்டுப் போயி உக்காந்துகிட்டா ஆம்பள நிம்மதியா வேலை பாப்பானா?"

அத்தை, "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டார். அடுப்பில் எதுவும் இல்லை.

வேலைப் பயணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தப் பேச்சும் நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் அது நல்லதுதான். டைட்டஸ் சாருக்குச் சரி என்று செய்தி அனுப்பினேன்.

மார்ச் 15, சனி

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்பைக்குப் போனேன். வீரவநல்லூர் வரும்போது பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

எனக்குத் தெரிந்த டாக்டர் என்றால் ஜுலைகா டாக்டர்தான். டிசம்பருக்குப் பிறகு என்னைப் பார்த்தவர். ஐந்தாவது மாதம். அதைப் பற்றி எழுதப்போவதில்லை. சேர்மராஜ் டிசம்பரில் அது நடந்த அன்று மதுரையில் விற்பனை மீட்டிங்கில் இருந்தார், போனை வெளியே வாங்கி வைத்துவிட்டார்களாம். இதையும் எழுதப்போவதில்லை.

கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற ஆவுடையக்கா என்னைப் பார்த்ததும் எழுந்துவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அன்று சேர்மராஜ் இங்கே வந்ததாக டாக்டர் ஒரு வரி எழுதித் தர முடியுமா, வரவில்லைதான், இருந்தாலும்...

"வரலையா? யாரு சொன்னா? வந்தாரே!" என்றார் ஆவுடையக்கா. "அந்தா, அந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தாரு."

எனக்குப் புரியவில்லை. ரெப்புகள் பெஞ்சில் உட்காருவதில்லை. பக்கவாசலில் பையோடு நிற்பார்கள். நாலைந்து நோயாளிகளுக்கு ஒருமுறை ஆவுடையக்கா கண் காட்டினால் உள்ளே போய் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வருவார்கள். இதைச் சேர்மராஜே எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறார்.

"அதைத்தான நானும் சொல்லுதேன். டோக்கன் வாங்கினாரும்மா! எந்த ரெப்பு டோக்கன் வாங்குவான்? 'என்ன சேர்மன், டார்கெட் முடிக்க நீங்களே பேஷண்டா வந்துட்டீங்களா?'ன்னு கேலி பண்ணினேன். கையில பை இல்ல. மாசமா இருக்கிற பிள்ளைகளுக்கு நடுவுல ஒத்த ஆம்பளையா உக்காந்திருந்தாரு. இடையில உள்ள விடுதேன்னு சொன்னேன். 'வேண்டாம்க்கா, இன்னிக்கு நான் வேலைக்கு வரல, வரிசையிலயே வாரேன்'னுட்டாரு."

டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு ஆவுடையக்காவைக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"அவர் உன் வீட்டுக்காரர்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா மருந்து சொல்லிட்டுப் போற பையன்."

"எதுக்கு வந்தாக டாக்டர்?"

"உனக்கு உடம்பு தேறிடுச்சான்னு கேட்டார். நீ அவர்கிட்ட பேசறதில்லன்னார். குறையா சொல்லல, தகவலா சொன்னார்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம், அன்னிக்கு நான் கூட இருந்திருந்தா பிள்ளை நின்னிருக்குமா டாக்டர்னு கேட்டார். இல்லன்னு சொன்னேன். அதுதான் உண்மை. மறுபடியும் அதையே கேட்டார்."

நான் மேசைமேல் இருந்த கர்ப்பகால எடை அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். இந்த வாரத்தில் இவ்வளவு, அந்த வாரத்தில் அவ்வளவு.

"இப்ப அவளைப் போய்ப் பாக்கட்டுமான்னு கேட்டார். நான்தாம்மா சொன்னேன். இன்னிக்கு வேண்டாம், அவளா கூப்பிடட்டும், அவசரப்படுத்தாதீங்கன்னு. சரி டாக்டர்னு வணக்கம் சொல்லிட்டுக் கிளம்பிட்டார்." அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. "போங்கன்னு சொல்லியிருக்கலாம். உங்க தெரு இங்க இருந்து கூப்பிடு தூரம்."

போலீஸ் காகிதத்தை நான் இதுவரை படித்ததில்லை. படிக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய வண்டி மேற்கே பார்த்து வந்துகொண்டிருந்தது என்று நானாகவே வைத்திருந்தேன். அது கிழக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் தன் தாளில் எழுதிக் கொடுத்தார். சேர்மராஜ் என்பவர் ஜனவரி 22 அன்று காலை என்னை என் கிளினிக்கில் சந்தித்தார். அவ்வளவுதான். "இதுல பொய் ஒண்ணும் இல்ல" என்றார்.

அம்மா வீட்டுக்குப் போகவில்லை. தெருமுனை வரை போனேன். பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

துணி துவைத்தேன். மழை வந்து எல்லாம் நனைந்தது. எடுக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

டாக்டர் எழுதித் தந்துவிட்டார் என்று மட்டும் அத்தையிடம் சொன்னேன். "ம்" என்றார். காகிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை.

மார்ச் 22, சனி

சங்கரலிங்கம் சாரிடம் கேட்டேன், பொதுவாகக் கேட்பதுபோல. "ஒரே பயணத்துல தொழிலும் சொந்தமும் சேந்திருந்தா எதுல சார் வைக்கிறது?"

"முக்கியமான நோக்கம் எதுவோ அதுல."

"அதை எப்படி சார் கண்டுபிடிக்கிறது? ஒருத்தர் தன் தொழில் சம்பந்தப்பட்ட ஆளைத்தான் பாக்கப் போறார். ஆனா தொழில் பேசப் போகல."

அவர் பேனாவை மூடினார். "காலையில வண்டியைக் கிளப்பும்போது மனசுல எது இருந்துச்சோ அதாம்மா நோக்கம். சட்டம் நூறு விதமா எழுதியிருக்கான். சுத்தி வந்தா இதுதான்."

"அது யாருக்குத் தெரியும்?"

"கிளப்புனவனுக்குத்தான்."

கொஞ்சம் கழித்து, இன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே என்றார். மார்ச் இருபத்திரண்டில் அவர் யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை.

பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். சேர்மராஜ் என்னிடம் வந்துகொண்டிருந்தார் என்று இத்தனை நாள் வைத்திருந்தேன். அது போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கிடைத்திருப்பது அதைவிடப் பெரியது. ஆனால் அதைக் கையில் வைத்திருக்க முடியவில்லை.

மார்ச் 29, சனி

காப்பீட்டுக் கம்பெனியின் விசாரணைக்காரர் வந்தார். நடுத்தர வயது, மரியாதையான ஆள். செருப்பை வாசலில் ஒழுங்காகச் சேர்த்துவைத்துவிட்டு உள்ளே வந்தார். டைட்டஸ் சாரும் கூட வந்திருந்தார். டாக்டரின் கடிதத்தை விசாரணைக்காரர் இரண்டு முறை படித்தார்.

"டாக்டர் சந்திச்சார்னு எழுதியிருக்காங்க. என்ன விஷயமான்னு எழுதலையே."

"ரெப்பு டாக்டரை எதுக்கு சார் சந்திப்பான்? மருந்து விஷயமாத்தான்" என்றார் டைட்டஸ் சார்.

"சார், நீங்க சொல்றதை எழுதிட்டேன். இதைக் குடும்பத்தார்கிட்ட கேக்கணும்." அவர் என் பக்கம் திரும்பினார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. கடமைக்குக் கேக்கேன். அவர் அன்னிக்கு அம்பைக்குப் போனது கம்பெனி வேலையாவா, சொந்த விஷயமாவா?"

சொல்ல வேண்டியதைக் காலையிலிருந்தே மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். வேலையாகத்தான். ஒரு வார்த்தை. அத்தை கதவுநிலையில் சாய்ந்து நின்றிருந்தார். அவருக்காக அதைச் சொல்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

"சொந்த விஷயம்" என்றார் அத்தை.

டைட்டஸ் சார் எழுந்துவிட்டார். "யம்மா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. உங்களுக்கு வெவரம் தெரியாது."

"எனக்கா தெரியாது? காலையில எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான். 'எம்மா, கோவில்பட்டி இன்னிக்கு இல்ல, பேச்சிக்காகப் போறேன்'ன்னான். பைய இந்தா, இந்த மூலையில வச்சிட்டுப் போனான்." விசாரணைக்காரரைப் பார்த்து, "எழுதிக்கிடுங்கய்யா. பொண்டாட்டிக்காகப் போனான்" என்றார்.

"யம்மா, பணம் போயிரும்மா! நாளைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"எட்டு வருஷமா அவன் ஓடுனதெல்லாம் உங்க கம்பெனிக்குத்தான தம்பி ஓடுனான். தீவாளிக்கு ஓடுனான். பிள்ளை போன அன்னிக்கும் உங்ககிட்டதான் இருந்தான். அவனுக்குன்னு போனது இந்த ஒரு தடவைதான். அதையும் உங்களுக்கே எழுதிக் குடுக்கணுமா?"

விசாரணைக்காரர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

"அத்தை சொல்றதுதான்" என்றேன்.

அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். அத்தை கைநாட்டு வைக்காமல் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். சண்முகக்கனி. ஒவ்வோர் எழுத்துக்கும் மூச்சு வாங்கினார்.

அவர்கள் போன பிறகு அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. "ஏட்டி, நின்னுக்கிட்டே இருக்காத. அரிசியைக் களைஞ்சு போடு" என்றார்.

ஏப்ரல் 2, புதன்

டைட்டஸ் சார் போன் செய்தார். கோபமாக ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டார். காப்பீடு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஜனவரி பயணப்படி மட்டும் இருபத்தொன்றாம் தேதி வரைக்கும் வருமாம்.

சங்கரலிங்கம் சாரிடம் சனிக்கிழமை மாலைகளிலும் வேலை கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரரிடம் பின்பக்கத்து ஒற்றை அறை காலியாகிறதா என்று விசாரிக்க வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அத்தைக்கு இன்னும் தெரியாது. அவர் மகன் என்னைப் பார்க்க வரும் வழியில் போய்விட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நினைப்போடுதான் அந்த ஒரு பயணத்தை எனக்கு எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டுவிட்டேன். ஒரு வாரமாக அது என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

இன்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். சொல்லிவிட்டேன். கிளினிக், டோக்கன், பெஞ்சு, டாக்டரிடம் அவர் கேட்டது, இரண்டாம் முறை கேட்டது, டாக்டர் சொன்ன பதில். எங்கள் தெருவுக்கு வராமலே திரும்பியது.

"அவுக என்கிட்ட வரல அத்தை. பாத்துட்டுத் திரும்பிக்கிட்டு இருந்தாக. இங்கதான் வந்துக்கிட்டு இருந்தாக. உங்ககிட்ட."

அத்தை கீரையை விடவில்லை. ஒரு கொத்தை எடுத்து, இலையை உருவி, காம்பைத் தனியே போட்டு, அடுத்த கொத்தை எடுத்தார். பழுத்த இலைகளையும் சேர்த்து உருவிக்கொண்டிருந்தார்.

"எத்தனை மணிக்கு அங்கேருந்து கெளம்புனானாம்?"

"மத்தியானம் ஆயிருக்கும் அத்தை."

முறத்தை ஒரு தட்டுத் தட்டிக் கீழே வைத்தார்.

"காலையில ஒண்ணும் திங்காம ஓடுனான். இட்லி அவிச்சு வச்சிருந்தேன், வந்து திங்கேன்னுட்டுப் போனான்." என் முகத்தைப் பார்த்தார். இத்தனை நாளில் முதல் முறையாக நேராகப் பார்த்தார். "அங்க ஏதாச்சும் சாப்பிட்டானாமா?"

அதை நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

"சாப்பிட்டாகளாம் அத்தை" என்றேன். "ஆவுடையக்கா கட்டிக் கொண்டுவந்த சோத்துல பாதியக் குடுத்தாகளாம். வயிறாரச் சாப்பிட்டாகளாம்."